பூட்டிய பாலவாடிக்கு ஒரு தலைவர்

ஒலிபெருக்கியைக் கண்டால் மட்டும் பிள்ளைப்பாசம் சுரக்கிற ஒரு ரகம் உண்டு. உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். பிஞ்சு, மொட்டு, தளிர், அரும்பு என்று மேடையில் ஒரு தோட்டத்தையே விரிப்பார். ஆனால் அந்தத் தோட்டத்தில் எது நனைந்துவிட்டது என்று தொட்டுப் பார்த்துத் துணி மாற்றுவது மட்டும் அவருடைய இலாகாவில் வராது. அழுகிற குழந்தையைக் கண்டால் அவருக்கு மனம் இளகும். இளகிய மனத்தோடு, "யாராச்சும் எடுங்கப்பா" என்பார். அந்த யாராச்சும் என்றைக்கும் அவராக இருந்ததில்லை.

மலையாள எல்லையில், முதலமடைக்குக் கிழக்கே, மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் இருந்த ஆறுமுகசாமி இந்த ரகத்தில் அசல். எமர்ஜென்சி வந்து போன சமயம் அது. தோப்பு, நெல்வயல், கம்பளிச் சால்வை, கனத்த தொண்டை எல்லாம் இருந்தபடியால் ஊரின் தாய்சேய் நலக் கமிட்டிக்கு அவரே தலைவர். கமிட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் மீசை உண்டு. தாய்மார் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லையே என்று பிளாக் ஆபீஸிலிருந்து வந்தவர் கேட்டதற்கு ஆறுமுகசாமி கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னார்: "அவங்கெல்லாம் மீட்டிங்குக்கு வந்துட்டா கொழந்தைகளை ஆரு பாக்கறதுங்க?"

கேட்டவர் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினார். 

ஆறுமுகசாமிக்கும் பிள்ளைகள் உண்டு. நாலோ ஐந்தோ, மனைவி ராமாத்தாளைக் கேட்டால் சரியாகச் சொல்வாள். அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அத்தனையும் பின்கட்டுக்குப் போய்விடும். தன் வீட்டில் பிள்ளைகள் சத்தமே கேட்காது, வளர்ப்பு அப்படி என்று அவர் வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

கமிட்டியின் சாதனை, வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போக ஒரு பாலவாடிக் கட்டடம். ஓடு வேய்ந்து, சுண்ணாம்படித்து, சுவரில் கிளியும் முயலும் வரைந்து, உத்தரத்தில் தொட்டில் கட்டக் கொக்கி வைத்து, தண்ணீர்ப் பானை, பால்பவுடர் மூட்டை எல்லாம் இறக்கி, வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி, கதவைப் பூட்டிச் சாவியை ஆறுமுகசாமி தன் வீட்டுச் சாமி மாடத்தில் வைத்தார். திறப்புவிழாவை அந்தப் பக்கம் உத்காடனம் என்பார்கள். மந்திரி வந்து உத்காடனம் செய்யாமல் கதவைத் திறப்பதில்லை என்பது தலைவரின் தீர்மானம். மந்திரிக்கோ முதலில் சட்டசபை, பிறகு காய்ச்சல், பிறகு வேறெங்கோ ஒரு பாலம். ஒவ்வொரு தடவையும் பந்தல் போட்டார்கள், பிரித்தார்கள். ரிப்பன் வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாயிற்று. பால்பவுடர் மூட்டைக்குள்ளேயே கல்லாகிக்கொண்டிருந்தது.

பாலவாடிக்கென்று நியமிக்கப்பட்ட ஞானஜோதி டீச்சர் பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து வேலை பார்த்தாள். இடுக்கிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். தாய் கொழுந்து கிள்ளப் போனபோது பிள்ளைக் கொட்டகையில் வளர்ந்தவள். எங்கள் எஸ்டேட்டில் கொட்டகையைத் திறக்க யாரும் மாலையோடு வந்ததில்லை என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஆறுமுகசாமி அதை எஸ்டேட்டுக்காரர்களின் பண்பாட்டுக் குறைவு என்று எடுத்துக்கொண்டார்.

மாங்காய் சீசன் வந்தது. ஊர்ப் பெண்கள் பாதிப்பேருக்கு ஆறுமுகசாமியின் தோப்பில்தான் வேலை. காய் தரம் பிரிப்பார்கள், வைக்கோல் பரப்பிக் கூடையில் அடுக்குவார்கள். கைக்குழந்தைகளை மரக்கிளையில் தூளி கட்டிப் போடுவார்கள். தூளியில் அடங்காத வயசென்றால் எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே துணி விரித்துக் கிடத்துவார்கள். செல்லாத்தாள் என்பவளுக்குத் தவழ ஆரம்பித்த மகன் ஒருவன் இருந்தான். சீசன் தொடங்கின அன்றே அவள் தலைவரிடம் வந்து, இந்த ஒரு மாசத்துக்காவது பாலவாடியைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டாள்.

"உத்காடனம் ஆகாத கட்டடம் அம்முணி. கொழந்தைகளை வுட்டா செவுரெல்லாம் அழுக்காயிருமல்ல" என்றார் அவர்.

பாலவாடியில் குழந்தைகள் வந்து சேர்ந்தால் அழுக்காகிவிடும். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்!

அன்று பகல் வெயில் ஏறியபோது கோயம்புத்தூர் லாரி ஒன்று தோப்புக்குள் நின்றுகொண்டிருந்தது. லோடு சீக்கிரம் ஏறினால் அதே நாளில் சந்தைக்குப் போய்விடும் என்று ஆறுமுகசாமிக்கு அவசரம். லாரியைக் கூடைகள் பக்கம் பின்னால் எடுக்க வேண்டும். டிரைவருக்கு வழிகாட்டுவதையும் அவர் யாரிடமும் விடவில்லை. சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மேடையில் நிற்கிற தோரணையில் நின்று, "வா, வா, வரட்டும்" என்று கையை ஆட்டினார். லாரி நகர்ந்தது.

அப்போது செல்லாத்தாள் அலறினாள். டிரைவர் பிரேக்கை மிதித்தான்.

லாரி நிழலில் விரித்திருந்த பழஞ்சேலையின் பாதி பின்சக்கரத்துக்கு அடியில் இருந்தது. மற்றப் பாதியில் அவள் மகன் உட்கார்ந்து, கையில் கிடைத்த வைக்கோலை வாயில் வைத்துக்கொண்டிருந்தான். செல்லாத்தாள் ஊர்ந்து போய் அவனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. டிரைவர்தான் இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

 வா என்று ஆட்டிய ஆறுமுகசாமியின் கை இன்னும் அந்தரத்தில் இருந்தது. அவர் அதைக் கீழே இறக்கிச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டார். அவர் ஆயுளில் பேச்சு வராத நேரம் அது ஒன்றுதான். பாவம், அதிக நேரம் நீடிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"தாய்மார்க்குப் பொறுப்பு வேணும்" என்று ஆரம்பித்தார். "ஒரு பிஞ்சுன்னா..."

கேட்க ஆளில்லை. செல்லாத்தாள் மகனைத் தூக்கிக்கொண்டு பாலவாடியை நோக்கி நடந்துவிட்டாள். தூளிகளை அவிழ்த்துக்கொண்டு மற்றப் பெண்களும் பின்னால் போனார்கள். கூடைகள் அப்படியே கிடந்தன. தலைமை உரையைப் பாதியில் விட்டுவிட்டுத் தலைவரும் ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. திறந்தவள் ராமாத்தாள். அலறல் வீடு வரைக்கும் கேட்டிருந்தது; நடந்ததை வழியில் வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, சாமி மாடத்துச் சாவியை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ரிப்பன் அறுந்து படியில் கிடந்தது.

"ஏனுங்க, மந்திரி வாற அன்னைக்கு மறுக்காப் பூட்டிக் குடுத்தரலாமுங்க" என்றாள் அவள் மெதுவாக. "அவரு ஆசைதீரத் தொறந்துக்கட்டும்."

கல்யாணமான நாள்முதல் அவள் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அதற்குள் ஞானஜோதி கொக்கிகளில் தூளி கட்ட ஆரம்பித்துவிட்டாள். பெண்கள் கட்டியான பால்பவுடரை உடைத்துச் சலித்தார்கள். ராமாத்தாள் தண்ணீர் காயவைக்கப் போகும்போது, யாரோ நீட்டிய ஒரு கைக்குழந்தையை வாங்கி, அருகில் சும்மா நின்ற ஒரே ஆளின் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஆள் நம் தலைவர்.

பரிசுக் கேடயத்தைக் கூட்டத்துக்குக் காட்டுவதுபோல் அவர் குழந்தையை நீட்டிப் பிடித்தார். அது வீறிட்டது. "யாராச்சும்" என்று வாயெடுத்தார். எல்லாருக்கும் கையில் வேலை இருந்தது. வேறு வழியில்லாமல் மார்போடு சேர்த்தார். குழந்தையின் தலை அவர் கழுத்தில் சாய்ந்தது. அனலாய், ஈரமாய், நினைத்ததைவிடக் கனமாய் இருந்தது. தன் பிள்ளைகள் இந்த வயதில் இருந்தபோது என்ன கனம் இருந்தன என்று அவர் யோசித்தார். தெரியவில்லை. அது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி அவர் சால்வையைச் சப்பத் தொடங்கியது. அவர் அதைப் பிடுங்கவில்லை.

இதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று எழுதினால் உங்களுக்கும் நிம்மதி, கதைக்கும் நல்லது. ஆனால் இந்த ரகத்தை அப்படியெல்லாம் சாய்த்துவிட முடியாது. பாலவாடி அன்றுமுதல் நடந்தது, நன்றாகவே நடந்தது. செல்லாத்தாளின் மகன் முயல் படத்தின் காதைச் சுரண்டித் தின்றான். சாவி ராமாத்தாளிடமே இருந்துவிட்டது. தலைவர் அதைக் கேட்கவுமில்லை. ஆனால் அடுத்த மாதக் கூட்டத்தில், பிஞ்சுகளின் கண்ணீரைக் கண்டு பொறுக்காமல், மந்திரிக்கும் காத்திராமல், தானே கதவைத் திறந்த கதையை அவர் கண்கலங்கச் சொன்னார். மீசைகள் கைதட்டின. அதற்கடுத்த மாதம் அதே கதையில் பூட்டை உடைத்தார். மாங்காய் முடிந்து மழை பிடித்தபோது, லாரிக்கு முன்னால் பாய்ந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றியும் விட்டார்.

மந்திரி ஒருவழியாக வந்தார். ராமாத்தாள் சொன்னபடியே கதவைப் பூட்டிக் கொடுத்தார்கள். குழந்தைகள் வெளியே வெயிலில் நிற்க, உள்ளே போக முடியாமல் அழ, தலைவர் குழந்தையைத் தூக்குவது எப்படி என்று மந்திரிக்கு விளக்கினார். தலையைக் கழுத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்றார். அந்த ஒரு வரி மட்டும் அனுபவத்தில் பேசியது.

போகட்டும். ஆறுமுகசாமியை நினைத்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் முகம்கூட நினைவுக்கு வந்திருக்கும். ஒன்று மட்டும் கேட்கலாமா? நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளறையில் ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

நீங்கள் பக்கத்தைத்தானே திருப்பினீர்கள்?