நீச்சல் பழகிய ஊசியர்

தமிழர் குடியேறிய பிரெஞ்சுப் பேட்டையான லா சப்பலில் ஊசியரைப் போன்ற பிடிவாதக்காரர் முன்பும் பிறந்ததில்லை, பின்பும் பிறந்ததில்லை. அவரும் அங்கே பிறந்தவரல்லர். போலந்தின் போஸ்னான் நகரத்து யூதர். எண்பதுகளில் எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருந்தார்; அதனால் எங்களுக்கு அவர் ஊசியர். யாழ்ப்பாணத்துப் பொடியளின் காற்சட்டைகளைக் கட்டையாக்கிக் கட்டையாக்கியே தமிழ் படித்துவிட்டார். அளவெடுக்கும்போது "மூச்சை விடாதை!" என்று அதட்டினால் பருத்தித்துறையில் நிற்பதுபோல இருக்கும்.

கேட்ட அளவில் ஒருநாளும் தைக்கமாட்டார். கலியாண மாப்பிள்ளை ஒருவன் இறுக்கமான கோட் கேட்டான். "இனி வீட்டிலை சாப்பிடுவாய்" என்று இரண்டு அங்குலம் கூட்டித் தைத்தார். ஆறு மாதத்தில், பொத்தான் பூட்டமுடியவில்லை என்று அவன் திரும்பி வந்தான்.

ஒருநாள் நான் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது பின்கதவால் உள்ளே வந்தார்.

"நீ கடற்கரை ஆள்தானே? எனக்கு நீந்தப் பழக்கு."

"ஐயா, உங்களுக்கு எழுபது வயசு!"

"ஓம். அதாலைதான் அவசரம்."

போஸ்னானில் அவருடைய அப்பா தொழுத பெரிய தொழுகைக்கூடத்தைப் போர்க்காலத்தில் ஜெர்மன்காரர் நீச்சல் குளமாக்கிவிட்டார்கள். போர் முடிந்து நாற்பது வருடமாகியும் அது குளம்தான். குடும்பத்தில் அவரைத் தவிர ஒருவரும் மிஞ்சவில்லை. இறந்தவர்களுக்கான பிரார்த்தனையை அங்கேயே சொல்லவேண்டும் என்றார். வேதச் சுருள்கள் இருந்த சுவர் இப்போது ஆழமான பக்கத்தில் இருக்கிறதாம்.

"கரையிலை நிண்டு சொன்னால் என்ன?"

"அப்பா அந்தச் சுவருக்குக் கிட்டத்தான் நிண்டவர்."

ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு வரச்சொன்னேன்.

முதல் ஞாயிறு, கோட்டுத் துணியில் தானே தைத்த நீச்சல் உடையோடு வந்தார். உள்ளே பட்டுத்துணி, இரண்டு பக்கமும் பை, முன்னால் நான்கு பொத்தான். தண்ணீர் குடித்துக் கனத்த அந்த உடை, அவரை விட்டுவிட்டுத் தனியே அடிக்குப் போய்விட்டது. குளம் முழுவதும் சிரித்தது.

"இடுப்பளவு பிழை" என்றார் ஊசியர். அடுத்த ஞாயிறும் வந்தார்.

"உந்த மனுசன் தண்ணிக்குள்ளை தாண்டுபோனால் பொலிசுக்கு என்ன சொல்லப்போறாய்?" என்று என் அறைத்தோழன் கேட்டான். ஏழு மாதம் அவர் குளத்தில் பாதியைக் குடித்தார். எட்டாம் மாதம், கையையும் காலையும் கண்டபடி அடித்து, இருபத்தைந்து மீட்டர் கடந்தார். மறுநாளே விசாவுக்கு எழுதிப்போட்டார்.

விசா கிடைத்துப் போஸ்னானுக்குப் போன ஒன்பதாம் நாள் அதே பின்கதவால் வந்தார்.

"சுவரைத் தொட்டனீங்களோ?"

"தொட்டன். பிடிச்சுக்கொண்டு முழுக்கச் சொன்னன். காவலாளி விசில் ஊதினான். நான் நிப்பாட்டேல்லை."

"தொப்பி இல்லாமல் தொழக்கூடாதெண்டு சொன்னியள்?"

"அந்தக் குளத்திலை நீச்சல் தொப்பி கட்டாயம்."

"அந்தப் பிரார்த்தனைக்குப் பத்து யூத ஆம்பிளையள் கூட நிக்கவேணுமெண்டியள்?"

"தண்ணிக்குள்ளை பன்னிரண்டு பேர் நிண்டவை. எல்லாற்றை தலையிலையும் தொப்பி. கடவுளுக்கு இவ்வளவு தூரத்திலையிருந்து வித்தியாசம் தெரியாது."

சொல்லிவிட்டு, அங்கே கொழுவியிருந்த துவாயை எடுத்து நெடுநேரம் முகம் துடைத்தார். பிறகு கடை திறக்கவேண்டும் என்று போய்விட்டார்.

அந்த ஒன்பது நாளும் வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடை திறந்துவிட்டதா என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டே போனது அவருக்குத் தெரியாது.