பூசணித் தோட்டத்தில் ஆன்ட்ராக் அண்ணை

ஜெர்மன் அரசாங்கம் இதுவரை ஒரே ஒரு தமிழருக்குத்தான் பயந்திருக்கிறது. அவர் எங்கள் ஆன்ட்ராக் அண்ணை.

ஆன்ட்ராக் என்றால் ஜெர்மனில் விண்ணப்பம். அந்த நாட்டில் வீடு மாறினால் ஒன்று, நாய் வளர்த்தால் ஒன்று, குளத்தில் மீன் பிடிக்க ஒன்று என்று எதற்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. எங்களுக்கெல்லாம் அந்தத் தாளைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். அண்ணைக்குப் பசிக்கும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைப் பையில் இருக்கும் மூன்று பேனாக்களில் எதை எடுப்பது என்று ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த நேரத்தில் அவரிடம் பேசக்கூடாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் வால்டோர்ஃப் என்ற ஜெர்மன் ஊரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தேன். அண்ணை எங்கள் கேன்டீனில் சாலட் பகுதிக்குப் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அவர் ஜெர்மன் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, படிவங்களில். அதனால் அவர் வாயைத் திறந்தால் அரசாணை மாதிரிதான் வரும். பேக்கரியில் போய், "மேற்படி ரொட்டியில் இரண்டை எனக்கு வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்கிற தோரணையில் கேட்பார். கடைக்காரம்மா அவரைக் கண்டதும் ஏப்ரனை நேராக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் வீட்டுக்குப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்ச் சாலைக்கு முதுகைக் காட்டியபடி கிடந்தது. உட்கார்ந்தால் சுவரைப் பார்க்கலாம், பஸ்ஸைப் பார்க்க முடியாது. ஊரே இருபது வருடமாகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அண்ணை விண்ணப்பம் போட்டார். பதில் வந்தது. பதிலுக்குப் பதில் போட்டார். எட்டாவது மாதம் இரண்டு பேர் வந்து பெஞ்சைத் திருப்பி வைத்தார்கள். அண்ணை அதில் ஒருநாள்கூட உட்காரவில்லை. அவரிடம்தான் வேன் இருந்ததே.

அந்த வேன்தான் எங்களை அந்த அக்டோபர் சனிக்கிழமை தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனது.

காரணம் பாலாஜி. என்னோடு ஒரே வீட்டில் இருந்த திருச்சிக்காரன். அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்கு ஊரில் கல்யாணம், செவ்வாய்க்கிழமை விமானம். "பிரம்மச்சாரியா இருக்கும்போதே ஒரு தடவை அலற வச்சு அனுப்புவோம்" என்றாள் ஸ்டெல்லா. எங்கள் டீமில் இருந்த நாகர்கோவில் பெண். ராட்டினம் என்றால் உயிர். அண்ணையைக் கேட்டோம். "வாறன். ஆனா நான் ஒண்டிலையும் ஏற மாட்டன். பலகையள் வாசிக்கலாம்தானே" என்றார். உண்மையிலேயே அவருக்கு அதுதான் பொழுதுபோக்கு. எங்கே எந்த அறிவிப்புப் பலகையைக் கண்டாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் நகர்வார்.

ஹாலோவீன் மாதம் என்பதால் பார்க் முழுக்கப் பூசணிக்காய். வாசலில், கூரையில், மரக்கிளையில், குதிரை வண்டியில், எங்கும் ஆரஞ்சு நிறம். பாதிக்கு மேல் கண்ணும் பல்லும் வெட்டி வைத்திருந்தார்கள்.

"நம்ம ஊர்ல புதுசா வீடு கட்டுனா வாசல்ல தொங்க விடுவாங்களே, அந்தத் திருஷ்டிப் பூசணிதான்டா இது. மீசைதான் மிஸ்ஸிங்" என்றான் பாலாஜி.

அண்ணைக்கு வேறு கவலை. "இவ்வளத்தையும் பிறகு என்ன செய்வினம்? கறி வைக்க ஏலாதோ?" என்று ஒரு தோட்டக்காரரை நிறுத்தி விசாரித்தார். அந்த மனிதர் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மேலதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல, இது அலங்கார ரகம், கசக்கும் என்று விளக்கினார்.

முதலில் பேய் மாளிகை. இருட்டான சந்து சந்தாக நடக்க வேண்டும். எந்த மூலையிலிருந்தும் பேய் வேஷம் போட்ட ஆள் பாய்வார். பாலாஜி உள்ளே நுழையும்போதே கண்ணை மூடிக்கொண்டு அண்ணையின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். முதல் வளைவிலேயே முகமெல்லாம் ரத்தமாக ஒரு பிணம் எழுந்து வந்து உறுமியது. ஸ்டெல்லா சந்தோஷமாக அலறினாள். அண்ணை நின்றார்.

"குட்டன் டாக்" என்று வணக்கம் சொல்லிக் கை நீட்டினார்.

பிணம் மறுபடி உறுமியது.

"தங்கள் தொண்டை கட்டியிருப்பதாகத் தெரிகிறது. காலையிலிருந்து இதே பணியா?" என்று தம் அரசாங்க ஜெர்மனில் கேட்டார். பிணம் சற்றுத் தயங்கிவிட்டு, சொந்தக் குரலில், ஒன்பதரை மணியிலிருந்து உறுமுவதாகவும் எரிகிறது என்றும் ஒப்புக்கொண்டது. அண்ணை பையிலிருந்து சுக்கு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. பயப்படக் காத்திருந்த ஐம்பது ஜெர்மானியர்களும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

இப்படியே ஒவ்வொரு பேயிடமும் நின்று நின்று, பத்து நிமிட மாளிகையை நாற்பது நிமிடத்தில் முடித்தோம். வெளியே வந்தபோது அண்ணைக்கு எல்லாப் பேயின் விவரமும் தெரிந்திருந்தது. "அந்தத் தலையில்லாத ஆள் தச்சு வேலை செய்யிறவர். சனி ஞாயிறுதான் பேய். எலும்புக்கூடு ஒரு பிள்ளை, நர்ஸுக்குப் படிக்கிது" என்றார்.

மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணை கொண்டுவந்த மீன் ரோல்ஸ் டப்பாவைத் திறந்தோம். இடைவேளைக்கு வெளியே வந்த பேய்கள் வாசம் பிடித்து வந்துவிட்டன. கறுப்பு அங்கி போட்ட ரத்தக்காட்டேரி ஒன்றை எடுத்துக் கடித்தது. அந்த ஊர் நம்பிக்கைப்படி ரத்தக்காட்டேரிக்குப் பூண்டு ஆகாது; அண்ணை ஊரில் அதற்குப் பெயர் உள்ளி. "உள்ளி போட்டிருக்கு எண்டு உவருக்குச் சொல்ல வேணுமோ?" என்று அண்ணை எங்களிடம் தமிழில் கேட்டார். அதற்குள் காட்டேரி மூன்றாவதில் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டெல்லா எங்களை அங்கிருந்ததிலேயே உயரமான ரோலர் கோஸ்டருக்கு இழுத்துப் போனாள். அண்ணை எங்கள் பைகளை வாங்கிக்கொண்டு நுழைவாயில் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார். நாங்கள் ஏறினோம். அது இரண்டு முறை தலைகீழாகப் போயிற்று. பாலாஜி சமயபுரம் மாரியம்மனை அழைத்தது பிரான்ஸ் எல்லை வரை கேட்டிருக்கும்.

இறங்கி நாலு அடி நடந்தான். சட்டைப் பையைத் தொட்டான். நின்றான்.

"பாஸ்போர்ட்டைக் காணோம்டா."

ஜெர்மன் போலீஸ் எந்த நேரமும் கேட்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, குளிக்கப் போகும்போது தவிர எப்போதும் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவன் அவன். விசாவும் அதற்குள்தான். செவ்வாய்க்கிழமை விமானம். புது பாஸ்போர்ட், புது விசா என்று அலைந்தால் எத்தனை வாரம் ஆகும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். பாலாஜி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"ஆயிரம் பேருக்குப் பத்திரிகை குடுத்தாச்சு. அவங்க வீட்ல நான் என்ன சொல்லுவேன்? ராட்டினத்துல விட்டுட்டேன்னா?"

தண்டவாளத்துக்குக் கீழே வேலி போட்ட பெரிய இடம். முழுக்க வைக்கோல் கட்டும் பூசணியும் சோளக்கொல்லைப் பொம்மையுமாக அலங்கரித்திருந்தார்கள். மேலேயிருந்து எது விழுந்தாலும் அதற்குள்தான். ராட்டினத்தை இயக்கியவர் மரியாதையாகவே சொன்னார்: ஊழியர் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. வாரம் ஒருமுறை, புதன்கிழமை காலையில் தேடுவோம். கிடைத்தால் தபாலில் அனுப்புவோம்.

ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள். "நான்தான் இவன இழுத்துட்டுப் போனேன் அண்ணே."

அண்ணை பைகளைக் கீழே வைத்தார். "அழாதேங்கோ பிள்ளை. புதன் எண்டது அவையின்ர வழக்கம். சட்டம் இல்லை" என்றார். "தம்பி, எழும்புங்கோ. ஒஃபிசுக்குப் போவம்."

தொலைந்த பொருள் அலுவலகத்தில் ஒரு பெண் படிவத்தை நீட்டினாள். அண்ணை நிரப்பினார். பிறகு அவசரத் தேடலுக்கான படிவம் கேட்டார். அப்படி ஒன்று இல்லை என்றாள். "அப்படியெனில் வெள்ளைத்தாள் ஒன்று வழங்கவும்" என்றார். பேனாவைத் தேர்ந்தெடுத்தார். ஒரு பக்கம் முழுக்க எழுதினார். அவள் படித்தாள். திரும்பவும் படித்தாள். ஃபோனை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டாள்.

மேலாளர் ஆறடிக்கு மேல் உயரம், இடுப்பில் வாக்கி டாக்கி. நின்றபடியே படித்தார். அண்ணை எழுதியிருந்தது இதுதான். நுழைவாயில் பலகையின் கடைசி வரிப்படி மூன்று மணிக்குப் பரிசோதனைக்காக ராட்டினம் அரை மணி நேரம் நிற்கும். ஊழியரல்லாதவர் உள்ளே போகக்கூடாது என்று விதி சொல்கிறது. ஊழியர் புதனுக்கு முன்னால் போகக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. ஆகவே இன்று மூன்று மணிக்கு ஊழியர் தேடலாம்.

"சரிதான்" என்றார் மேலாளர். "ஆனால் ஆள் இல்லை. எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய இடத்தை ஒருவர் அரை மணியில் தேட முடியாது."

பாலாஜி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அப்போது பின்னால் ஒரு கரகரத்த குரல் கேட்டது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது, காலையில் சுக்கு மிட்டாய் வாங்கிய பிணம். பக்கத்தில் எலும்புக்கூடு. மாளிகையில் எங்கள் அடுத்த முறைக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, நாங்களும் ஊழியர்கள்தானே என்றது பிணம்.

மூன்று மணிக்கு ராட்டினம் நின்றது. வேலிக்கதவு திறந்தது. ஒரு பிணம், ஒரு எலும்புக்கூடு, பூண்டு தின்ற ரத்தக்காட்டேரி, தலையில் கோடாரி செருகிய கன்னியாஸ்திரீ ஒருத்தி, தலையில்லாத தச்சர் என்று ஐந்து பேரும் ஒரே வரிசையாகக் குனிந்து, இந்தியக் குடியரசின் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டு பூசணித் தோட்டத்துக்குள் போனார்கள். இதுவும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து வேலியோரம் கூட்டம் கூடிவிட்டது. கேமராவை எடுத்தார்கள். கைதட்டினார்கள்.

அண்ணை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நடத்தினார். "மதிப்புக்குரிய எலும்புக்கூடு அவர்களே, தங்கள் இடதுபுற வைக்கோலைக் கவனிக்கவும்." பாலாஜி வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். இருபது நிமிடம் போயிற்று. ஒரு கறுப்புக் கண்ணாடி, இரண்டு தொப்பி, ஒரு பல் செட் கிடைத்தன. இருபத்தைந்து ஆயிற்று. மேலே பரிசோதனை முடிந்ததற்கான மணி அடித்தது. மேலாளர் வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தார்.

"ஒரு நிமிசம் பொறுங்கோ" என்றார் அண்ணை. பதற்றத்தில் அதை அவர் தமிழிலேயே சொன்னார். மேலாளர் பொறுத்தார்.

கண்டெடுத்தவர் தலையில்லாதவர்தான். மற்றவர்கள் தூரம் தூரமாகப் பார்த்துக்கொண்டு போக, சட்டைப் பொத்தானுக்கு நடுவே இருந்த ஓட்டை வழியாக அவருக்குக் காலடி மட்டும்தான் தெரிந்தது. காலடியில் ஒரு பூசணி வாயைப் பிளந்து கிடந்தது. அதன் பல்லிடுக்கில் சிங்க முத்திரையோடு நீல அட்டை.

பாலாஜி தலையில்லாதவரைக் கட்டிப்பிடித்து, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் முத்தம் கொடுத்தான். சட்டையெல்லாம் சிவப்புச் சாயம். கூட்டம் எழுப்பிய ஆரவாரத்தில் மேலாளரும் கைதட்டினார்.

அண்ணை பாஸ்போர்ட்டை வாங்கி, ஒட்டியிருந்த பூசணிச் சதையைக் கைக்குட்டையால் துடைத்தார். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் செய்து நாங்கள் பார்த்ததில்லை.

"எனக்கு முதல் ஏழு வருசம் இது இல்லை, தம்பி" என்றார். "அகதி எண்டு ஒரு மடிச்ச தாள்தான். தங்கச்சியின்ர கலியாணத்துக்குப் போக ஏலேல்லை. அப்பதான் இந்தப் படிவமெல்லாம் வாசிக்கத் துவங்கினனான்."

பாஸ்போர்ட்டை மூடிவிட்டு ஒரு தாளை எடுத்தார். "அது பரவாயில்லை, தங்கச்சியின்ர கலியாணம் நான் இல்லாமலும் நடந்தது. உங்கட கலியாணம் நீங்கள் இல்லாமல் நடக்காது. இந்தாங்கோ, முதல்ல இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ, பெற்றுக்கொண்டனான் எண்டு."

பாலாஜி வெள்ளிக்கிழமை தாலி கட்டினான்.

மறு வருடம் எனக்கு ஸ்டுட்கார்ட்டில் வேறு வேலை கிடைத்தது. முதல் நாளே ஒரு கட்டு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு இடம். அண்ணையின் ஃபோன் நம்பரை யோசிக்காமல் எழுதினேன். பெயருக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அத்தனை வருடமும் அவரை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

ஃபோன் செய்தேன். "அண்ணை, கோவிச்சுக்காதீங்க. உங்க பேர் என்ன?"

"ஏன் தம்பி?"

"ஒரு ஃபாரத்துக்கு."

"ஃபாரமோ? அப்ப பிழையில்லாமல் எழுத வேணும். பொறுங்கோ" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுத்தெழுத்தாக இரண்டு தடவை சொன்னார். நானும் எழுத்தெழுத்தாக எழுதினேன். அதற்கு அடுத்த கட்டத்தில் உறவுமுறை கேட்டிருந்தார்கள். அதை மட்டும் நான் அவரிடம் கேட்கவில்லை. 'அண்ணன்' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.