தலைவர் தலையில் செருப்பு

நடந்ததையெல்லாம் நேரம் போட்டு டயரியில் எழுதிவைப்பவன் நான். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை மட்டும் பசை தடவி ஒட்டிவைத்திருந்தேன். (டயகம மழை ஈரத்தில் பசை விட்டுவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.)

அப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போன் செயலி ஒன்று செய்தேன். யாரும் கேட்கவில்லை. விழாக் குழுத் தலைவர் வேலாயுதத்தின் மகள் சுமதியை எனக்குப் பேசியிருந்தார்கள். தலைவர் இன்னும் சரி சொல்லவில்லை. செயலியைப் பார்த்தால் மயங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

மூன்று வீடியோ பாடம் பார்த்த மேதை நான். திரையின் உச்சியில் தலைவர் படம், நடுவில் பூசை நேரம், அடியில் ‘செருப்பை வெளியே கழற்றவும்’ என்பதற்கு ஒரு சோடிச் செருப்புப் படம். எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் திரையின் விளிம்போடு கட்டாவிட்டால் போனில் எல்லாம் இடது மேல் மூலைக்கு ஓடிவிடும் என்று எச்சரிக்கை வந்தது. கணினியில் அழகாகத்தானே இருக்கிறது? எச்சரிக்கையை மூடிவிட்டேன்.

காலை 9.40. கோயில் மண்டபத்தில் குழு கூடியிருந்தது. தலைவர் கையில் என் போன். படங்களெல்லாம் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. கடைசியாக வைத்ததுதான் மேலே நிற்கும். தலைவரின் நெற்றியில், திருநீற்றின் மேல், செருப்பு.

“என்னா தம்பி இது?”

“ஒரு நிமிஷம் மாமா.” (மாமாவாம்!)

மடிக்கணினியைத் திறந்தேன். அவசரத்தில் செருப்பை உச்சியிலும் தலைவரைச் செருப்புக்குக் கீழேயும் கட்டினேன்.

9.52. “இப்ப தலைக்கு மேல நிக்குதுங்க,” என்றார் பொருளாளர், உதவி செய்கிற குரலில்.

தலைவரைப் பெரிதாக்கினால் கோபம் குறையுமென்று அளவைத் ‘திரை முழுக்க’ என்று மாற்றினேன். மாற்றியது செருப்பின் அளவை.

10.05. “தலைவரு எங்கங்க காணோம்?”

“அடியிலதாங்க இருக்காரு,” என்றேன்.

மண்டபத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த சுமதி கயிற்றை வைத்துவிட்டு வந்தாள். நான் மூடிய எச்சரிக்கையைத் திறந்து வாசித்தாள்.

“இதுலயே எழுதியிருக்கே, பாக்கலயா? அப்பாவ மேல் விளிம்புல கட்டுங்க. செருப்பக் கீழ் விளிம்புல. அளவச் சின்னதாக்குங்க.”

10.20. எல்லாம் அதனதன் இடத்தில்.

“இவருக்கா உன்னயக் குடுக்கச் சொல்றாங்க?” என்றார் தலைவர்.

“குடுத்திருங்கப்பா. தனியா விட்டா இன்னும் யாரு தலையில எதை வப்பாரோ.”

கொடுத்தார். இன்றைக்கும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே உள்ளே வருவதில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்தபடி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி வாசலிலிருந்து குரல் கொடுப்பார்:

“மாப்பிள்ள, இதக் கீழ விடவா? இல்ல, வழக்கம்போல தலையிலயே வச்சுக்கிட்டு வரவா?”