லட்சமாவது பார்வையாளர்

நுமாதா வலது காலைத்தான் உள்ளே வைத்திருந்தார். அதற்குள் டிக்கெட் கவுன்டரில் இருந்த இகராஷி அம்மாள் ஒரு வெண்கல மணியை எடுத்துக் கணகணவென்று ஆட்டிவிட்டாள்.

"சார்! நீங்கதான் சார்! எங்க மியூசியத்தோட லட்சமாவது பார்வையாளர்!"

தலைக்கு மேலே தொங்கிய காகிதப் பந்து இரண்டாகப் பிளந்து, வண்ணத்தாள் துண்டுகள் அவருடைய கோட்டின் மேலெல்லாம் கொட்டின. வேறு யாராவதாக இருந்தால் வாயெல்லாம் பல்லாகியிருக்கும். நுமாதாவோ வந்த வழியே திரும்பிவிடப் பார்த்தார்.

காரணம் இருந்தது. வசந்த காலத்தில், அவர் வேலை பார்த்த கணவாய் மீன் பதப்படுத்தும் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தபோது முதலில் உருண்ட தலைகளில் அவருடையதும் ஒன்று. மனைவி சாயோவிடம் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, இப்போது இலையுதிர்காலம் வந்து மலையெல்லாம் இலை பழுத்துவிட்டது. தினமும் காலையில் கோட்டும் டையுமாகக் கிளம்புவார். அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு டிராம் ஏறுவார். மலை உச்சிக்குப் போகும் ரோப் கார், துறைமுகத்தைச் சுற்றும் படகு, செங்கல் கிடங்குகள் என்று ஹகோதாதேயில் வெளியூர்க்காரர்கள் போகும் இடமெல்லாம் போய் உட்கார்ந்து பார்த்தார். எங்கே போனாலும் கூட்டம். கூட்டம் என்றால் தெரிந்த முகம் ஒன்று தட்டுப்படாமல் இருக்குமா?

கடைசியில்தான் இந்த மூடுபனிச் சங்கு அருங்காட்சியகம் கண்ணில் பட்டது. பனி மூடிய நாளில் கப்பல்களை எச்சரிக்க ஊதும் பெரிய பெரிய இரும்புச் சங்குகளை வரிசையாக வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஈ காக்கை எட்டிப் பார்க்காது. உள்ளே கதகதப்பாக ஒரு பெஞ்சு உண்டு. சாயங்காலம் வரை பொழுதை ஓட்ட வேறென்ன வேண்டும்?

இப்போது அந்த இடத்தில், ஒரு கேமரா அவர் மூஞ்சிக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

"நேரடி ஒளிபரப்பு சார்! காலை நிகழ்ச்சி!" என்றாள் மைக் பிடித்த பெண்.

சாயோ பாத்திரம் கழுவிக்கொண்டே பார்க்கும் நிகழ்ச்சி அது. ஒருநாள்கூட விடமாட்டாள். லட்சம் எப்போது நிரம்பும் என்று டிவிக்காரர்களுக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் மனிதர் இல்லை. சட்டென்று ஒதுங்கி, பின்னால் வந்த கிழவரை முன்னே தள்ளினார்.

"நான் இல்லைம்மா! இவர்தான் முதல்ல வந்தாரு. ஐயா, நீங்க போங்க."

"சேச்சே, நீங்கதானே முன்னாடி நின்னீங்க. நீங்க போங்க," என்று கிழவர் குனிந்து வணங்கினார்.

"பெரியவங்களை விட்டுட்டு நான் போறதாவது!" நுமாதா இன்னும் தாழக் குனிந்தார்.

"உங்க பெருந்தன்மைக்கு முன்னாடி நானெல்லாம் எம்மாத்திரம்!" கிழவர் அதைவிடத் தாழக் குனிந்தார். நிமிரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. கேமராக்காரருக்கு ஒரே கொண்டாட்டம், இருவரையும் மாறி மாறிப் பிடித்தார்.

இகராஷி அம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, அவர் கணக்குலயே வரமாட்டாரு சார்! அவர் தினமும் கக்கூஸுக்குத்தான் வர்றாரு. நீங்கதான், நீங்கதான்!"

வாசலை மறித்துக்கொண்டு கேமரா. வெளியே போக வழியில்லை. நுமாதா உள்ளே பாய்ந்து, இருப்பதிலேயே பெரிய சங்கின் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டார். நிர்வாகி குமகாய் அங்கேயும் வந்துவிட்டார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"சார்... அந்தப் பக்கமெல்லாம் எதுக்கு சார் பார்த்துக்கிட்டு? அந்தத் துருவை வர்ற வாரம் சுரண்டிடறோம். சத்தியமா சுரண்டிடறோம்!"

இந்த ஆள் ஏன் இப்படி உளறுகிறான் என்று நுமாதாவுக்குப் புரியவில்லை. இங்கே எல்லோருமே கொஞ்ச நாளாக ஒரு மாதிரிதான். அவர் பெஞ்சில் உட்கார்ந்தால் தேநீர் வருகிறது. எழுந்தால் பின்னாலேயே ஒருத்தர் தூசு தட்டிக்கொண்டு வருகிறார். வேலை போனவன் என்று கண்டுபிடித்துவிட்டார்களோ, பரிதாபப்படுகிறார்களோ என்று அதுவேறு அவரைப் பல ராத்திரி தூங்கவிடாமல் செய்திருந்தது.

கோட்டுப் பையில் முகமூடி இருந்தது. எடுத்து மாட்டி, கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஜலதோஷம்," என்றார்.

"ஜலதோஷத்தோடயும் சங்கு பார்க்க வந்திருக்காரு!" என்று மைக் பெண் கேமராவைப் பார்த்து உருகினாள். குமகாய் அவர் தோளில் சிவப்புப் பட்டை ஒன்றைக் குறுக்கே போட்டுவிட்டார்.

"உங்க பேரு சார்?"

நுமாதாவின் கண் அங்குமிங்கும் ஓடியது. எதிரே இருந்த சங்கின் அடியில் பித்தளைத் தகடு ஒன்று. அதில் நன்கொடை கொடுத்தவர் பெயர். அதையே வாசித்துவிட்டார். "சு... சுகிதா!"

"சுகிதாவா!" இடுப்பைப் பிடித்துக்கொண்டே கிழவர் முண்டியடித்து முன்னால் வந்தார். "நானும் சுகிதாதானப்பா! இந்தச் சங்கைக் கொடுத்ததே எங்க அப்பாதான். நீ யாரு பிள்ளை? அந்த ஒதாருவுக்கு ஓடிப்போனானே எங்க சித்தப்பன், அவன் வழியா?"

"இல்ல... அது வந்து..."

"மூக்கைப் பார்த்தாலே தெரியுதே! முகமூடியைக் கழட்டு, முழுசா பார்க்கறேன்."

கிழவர் முகமூடியைப் பிடித்து இழுக்க, நுமாதா தலையை ஆட்டி ஆட்டித் தப்பிக்க, நடுவில் மைக் பெண் விடாமல் கேட்டாள்: "சுகிதா சார், வேலை நாள்ல கோட்டு சூட்டோட வந்திருக்கீங்களே, எதுக்கு வந்தீங்க?"

"வேலையாதான் வந்தேன்!" என்று கத்திவிட்டார்.

குமகாய் தூணைப் பிடித்துக்கொண்டார். இகராஷி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன வேலைங்க?"

"அதை வெளிய சொல்லக் கூடாது!"

"எந்தக் கம்பெனி சார்?"

இதற்கு மேல் ஒரு பொய் அவர் கைவசம் இல்லை. பக்கத்தில் ஒரு கயிறு தொங்கியது. லட்சமாவது பார்வையாளர் சங்கு ஊதுவது நிகழ்ச்சி நிரலில் இருந்தது, ஆனால் கடைசியில். நுமாதா இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, உயிர் போகிற மாதிரி இழுத்தார்.

சங்கு அலறியது. கட்டடமே கிடுகிடுத்தது. கேள்வி அடங்கிவிட்டது என்று அவர் கயிற்றை விட்டார். சங்கு விடவில்லை. கயிறு எங்கோ சிக்கிக்கொண்டு, அது பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தது. பளிச்சென்று வெயில் அடிக்கிற காலையில் இதென்ன கூத்து என்று, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பதிலுக்கு ஊத ஆரம்பித்தன. எல்லோரும் காதைப் பொத்தினார்கள், நுமாதாவும் பொத்தினார். பொத்திய வேகத்தில் முகமூடியின் நாடா அறுந்து கீழே விழுந்தது. கேமரா அவர் முகத்துக்கு வெகு அருகில் வந்து, ஆசை தீரப் பார்த்தது.

ஒரு வழியாகக் குமகாய் ஏணி போட்டு ஏறிச் சங்கை அடக்கினார். அந்த அமைதியில் நுமாதாவின் கைபேசி அடித்தது. சாயோதான்.

அவர் சுவரோரமாகப் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

"என்னங்க! டிவில உங்களைக் காட்டறாங்க! கீழ சுகிதானு போட்டிருக்கு! ஆபீஸுக்குப் போகாம அங்க என்ன பண்றீங்க?"

சொல்லிவிடலாம். இதுதான் சமயம். வாயைத் திறந்தார்.

"உஷ், சத்தம் போடாத," என்றார். "என்னை அனுப்பியிருக்கறதே ரகசியமாத்தான். அதான் வேற பேரு. மேலிடத்து உத்தரவு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு சாயோவின் குரல் தழுதழுத்தது. "கம்பெனில உங்களை ஒருத்தரும் மதிக்கறதில்லனு நான் எத்தனை நாள் மனசுக்குள்ள வெதும்பியிருக்கேன் தெரியுமா? இவ்ளோ பெரிய பொறுப்பைக் குடுத்திருக்காங்க! இன்னிக்கு ராத்திரி சிவப்புப் பயறு போட்டு விசேஷச் சோறு ஆக்கறேன். சீக்கிரம் வாங்க."

நுமாதாவுக்கு அழுகை வந்தது. தப்பித்துவிட்டோம் என்று மகிழ வேண்டிய மனிதருக்கு, சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெருமைப்பட்டுவிட்டாளே! இனி எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது?

திரும்பிப் பார்த்தார். குமகாயும் இகராஷி அம்மாளும் இரண்டடி தூரத்தில் விறைத்துப் போய் நின்றார்கள். அவர் பேசியது முழுவதும் அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

போதும், இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. பட்டையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டார். ஒதாரு சித்தப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்த கிழவரைச் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினார். டிராம் நிறுத்தம்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

"சார்! சார்! கொஞ்சம் நில்லுங்க!"

இகராஷி அம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் ஒரு பெரிய பரிசுப் பொட்டலம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை அவர் கையில் திணித்தாள். அவள் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க சார், லட்சம்னு சொன்னது சுத்தப் பொய், சீட்டு வாங்கிட்டு தினமும் வர்றது நீங்க ஒருத்தர்தான்! மேலிடத்துலேருந்து வேவு பார்க்க வந்த அதிகாரி நீங்கன்னு வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டோம், உங்க மனசைக் குளிர வைக்கத்தான் இந்த மணி, பந்து எல்லாம்! மியூசியத்தை இழுத்து மூடச் சொல்லி எழுதிடாதீங்க சார், இந்த வயசுல வேலை போச்சுன்னா வீட்டுல போய் என்னன்னு சொல்வேன்?"