சோப்பு வைத்த பிரேக்

மலை இறக்கத்தில் பின்சக்கரம் மறுபடி புகைந்தது. கொத்தனார் வேனை ஓரங்கட்டிக் குதித்து, முதல் வேலையாகச் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தார்.

சீட்டுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்த கை பிரேக்கை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. படுக்கையும் அடுப்பும் வைத்த இந்தக் கிழட்டு வேனை விற்றவன் அன்றே சொல்லிவிட்டான்: "இழுத்துப் பிடிச்சாத்தான் உண்டுண்ணே, கைய விட்டா விழுந்துடும். கல்லு வச்சுக்கோங்க."

"ஏங்க, உசுரோட கீழ போய்ச் சேருவோமா?" என்றாள் மனைவி.

"எத்தனை சுவர் ஒழுகலை நிறுத்தியிருக்கேன். இது ஒரு சக்கரம்தானே."

மலையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மாமியாரையும் அவர்தான் ஏற்றி வந்தார். அந்த அம்மாள் பின்னால் படுக்கை ஓரத்தில் கண்ணை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் சக்கரத்தில் ஊற்றினார். அடுத்த வளைவிலேயே மறுபடி புகை. பிரேக் ஒட்டிக்கொண்டது என்று முடிவுகட்டி, அடியில் படுத்து, பிரேக் எண்ணெய் வரும் நட்டைத் துளி தளர்த்தினார். எண்ணெய் முகத்தில் பீய்ச்சியது. பதறிப்போய் இறுக்கினார். நட்டுத் தலை கையோடு வந்துவிட்டது. துணி சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அப்பி, கரித்துணியால் இறுக்கிக் கட்டி, கைப்பழக்கத்தில் கட்டைவிரலால் வழவழவென்று தேய்த்தும் விட்டார்.

"காய வேணாமா?"

"சிமெண்டுன்னாத்தான் காயணும். ஏறு."

முதல் மிதியில் பெடல் பிடித்தது. அடுத்த மிதியில் மெத்தென்று இறங்கியது. அதற்கடுத்து, தரைவரை போய் அங்கேயே தங்கிவிட்டது. கியரைக் குறைக்கப் பார்த்தார். நறநறவென்று பல்லைக் கடித்துவிட்டு நியூட்ரலில் விழுந்தது. எதிரே வளைவு. அதற்கப்பால் வெறும் வானம்.

"மிதிங்க."

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னும் மிதிங்க."

"இன்னும் மிதிச்சா கால் ரோட்டுல படும்."

அவர் கை தானாக ஹாரனை அழுத்தியது. வண்டியிலேயே ஹாரன் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்தது.

திடீரென்று பின்சக்கரம் கிறீச்சிட்டது. தீய்ந்த நாற்றம். வண்டி தயங்கி, முனகி, வானத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

மனைவி இறங்கிக் கல் வைத்தாள். கொத்தனார் ஸ்டீயரிங்கில் சாய்ந்தார்.

"பாத்தியா. சோப்பு பிடிச்சுக்கிச்சு."

பின்னால் மாமியார் மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"நல்லவேளை மாப்பிள்ளை, வளைவுக்கு வளைவு இழுத்துப் பிடிச்சுக்க உங்க சீட்டுக்குப் பின்னாடி இந்தக் கம்பி இருந்துச்சு, இல்லன்னா பயத்துலயே போய்ச் சேர்ந்திருப்பேன்."