அதிகப்படியான நூற்று எழுபத்தொன்பது பாட்டுகள்

வீட்டில் நூற்று எழுபத்தொன்பது பாட்டுகள் அதிகமாக ஓடியிருக்கின்றன என்பது ஒரு திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு வெளிச்சத்துக்கு வந்தது.

கண்டுபிடித்தவர் ஸ்டோர்கீப்பர். ஓர் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் சாவி வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் அங்கே ஒரு திருகாணி குறைந்ததில்லை. ஒன்று கூடியதும் இல்லை. குறைந்தால் திருட்டு, கூடினால் அதைவிடப் பெரிய திருட்டு என்பது அவர் கட்சி.

ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் கை நமநமவென்றிருந்தது. பாட்டுகளைச் சேர்ப்பதில் இறங்கினார். பழைய கேசட், இசைத்தட்டு, யாரோ தூக்கிப் போட இருந்த சிடி எல்லாவற்றையும் ஆறு வருடம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். மொத்தம் 4,312. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பாட்டின் பெயரை அவர் வாயால் சொல்லவே மாட்டார். "மனசு சரியில்ல, 906 கேக்கணும்" என்பார். அதன் பிறகு ஹாலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என வயரில்லாத ஸ்பீக்கர் மூன்று வாங்கி வைஃபையில் சேர்த்தார். செல்போனைத் தொட்டால் போதும், எந்த அறையில் வேண்டுமோ அந்த அறை பாடும். தொடுகிற உரிமை அவருக்கு மட்டும். தொட்டதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார்.

கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு ஒரு எண்ணிக்கை வைத்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மாதத்துக்கு நோட்டில் இருந்தது 212. கம்ப்யூட்டரில் இருந்தது 391.

ஊரே கேட்கும்படி கத்த நினைத்தார். கூச்ச சுபாவம் விடவில்லை. சமையலறை வாசல் வரை போய்க் கிசுகிசுத்தார்.

"வீட்டுல திருட்டு நடக்குது."

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஐயையோ, என்ன போச்சு?"

"எதுவும் போகல. அதிகமா இருக்கு."

"அதிகமா இருந்தா சந்தோஷப்படுங்க."

"நான் போடாத பாட்டு நூத்தி எழுபத்தொம்பது ஓடியிருக்கு. நீ போட்டியா?"

"நானா? தண்ணி மோட்டாருக்கு எந்த சுவிட்சுன்னே நீங்க வந்து காட்டணும். எனக்கு இதெல்லாம் வருமா?"

நியாயம்தான். ஸ்பீக்கரை எப்படி அணைப்பது என்று அவளுக்கு ஏழு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஏழும் தேதியோடு நோட்டில் இருக்கின்றன. ஏழாவது முறையும் அவள் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் திருகணுமாங்க?" என்று கேட்டாள். அதில் திருகுவதற்கு ஒன்றுமே கிடையாது.

"அப்ப வேற யாரு?"

"வயரே இல்லேன்னு நீங்கதானே பீத்திக்கிட்டீங்க. காத்துல வர்ற பாட்டு. காத்துலயே யாராச்சும் புடிச்சு இழுத்திருப்பாங்க."

அந்தப் பேச்சு ஸ்டோர்கீப்பரின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டது. காற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பது யார்? கண்ணாடிக்கடைக்காரர். மூக்குக்கண்ணாடி விற்கிறவர், பக்கத்து வீடு, நடுவில் ஒரே ஒரு சுவர். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருகிறவர். போதாததற்கு வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறவர். சொந்தமாகப் பாட்டு இல்லாதவனுக்கு முணுமுணுக்க எங்கிருந்து கிடைக்கும்?

அன்றே வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றினார். பதினேழு எழுத்து. எழுதி வைத்தால் எவனாவது பார்த்துவிடுவான். மனதில் வைத்தால் மறந்துவிடும். யோசித்து யோசித்து, மனைவியைக் கூப்பிட்டு மூன்று முறை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தார்.

"மறந்துடாதே."

"உயிரே போனாலும் மறக்க மாட்டேங்க."

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நாற்பத்து நான்கு அதிகம். அதில் 1847 மட்டும் ஏழு முறை. வயலின், ஐந்து நிமிடம் பன்னிரண்டு நொடி. தினமும் நாலு மணி பத்து நிமிடத்துக்கு. ஸ்டோர்கீப்பர் அந்த நேரத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். நாலேகாலுக்கு அவர் வீட்டில் இருப்பதே இல்லையே! கடைக்குக் கிளம்புகிற நேரமாகப் பார்த்தல்லவா திருடன் கையை வைக்கிறான்!

"ஆள் மட்டும் கிடைக்கட்டும்," என்றார் மனைவியிடம். "மூணு ஸ்பீக்கரையும் அட்டைப்பெட்டில போட்டுப் பரண்ல ஏத்திடறேன்." பெட்டிகளை அவர் தூக்கிப் போடவில்லை. அவர் எதையுமே தூக்கிப் போட்டதில்லை.

உரித்த வெங்காயம் அவள் கையிலேயே நின்றது. "அப்புறம் நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

"சும்மா இருப்பேன்."

"நாள் பூராவா? வீட்டுலயேவா?"

அவள் குரலில் உண்மையான பயம் தெரிந்தது. பாட்டின் மேல் இவளுக்கு இவ்வளவு பிரியமா என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் நோட்டும் பேனாவுமாகச் சுவரோரம் போய் நின்றார். கண்ணாடிக்கடைக்காரர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கேட்பதற்கு நாலு நிமிடம் ஆயிற்று.

"சார், தப்பா நினைக்கக் கூடாது. 1847 எப்படி?"

"பவரா? அவ்வளவு பவர்ல கண்ணாடியே கிடையாதே சார்!"

"பாட்டு சார். வயலின். நாலு பத்துக்கு வருமே."

"ஓ, அதுவா! அது நல்லாத் தெரியுமே."

ஸ்டோர்கீப்பர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டுலேந்துதானே வருது. எங்க வீட்டுக் கடிகாரம் நின்னு எட்டு மாசமாச்சு. அந்த வயலினைக் கேட்டதும் சட்டையைப் போடுவேன். நான் பட்டன் போட்டு முடிக்கறதுக்குள்ள நீங்க பையோட வெளிய வந்துடுவீங்க. நீங்க வந்தா நாலேகால். நான் கடை தொறக்கப் போயிடுவேன்."

"நானா?"

"நீங்களேதான். ஒரு நாளும் தப்பினதில்ல. அதே மாதிரி காலையில ஆறு மணிக்கு ஒரு புல்லாங்குழல் வரும். நீங்க செடிக்குத் தண்ணி ஊத்துவீங்க."

"நான் எனக்குத் தோணும்போதுதான் சார் கடைக்குப் போறேன்!"

"அதுவும் சரிதான். தினம் நாலேகாலுக்குத் தோணுது போலிருக்கு."

அன்று நாலு மணிக்கே ஸ்டோர்கீப்பர் ஹாலில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் எந்நேரமும் ஏதாவது பாடிக்கொண்டிருக்கும். தாம் காலையில் போட்டதன் மிச்சம் என்றுதான் இத்தனை நாளும் இருந்துவிட்டார். இன்று விடுவதாக இல்லை.

வயலின் வந்தது. மெல்ல, யாரோ தோளைத் தட்டி எழுப்புவது போல.

நோட்டில் எழுதினார். "4.10. ஆரம்பம்." காலை இறுக்கிப் பின்னிக்கொண்டார். "4.11. அசையவில்லை." நல்ல வயலின்தான். என்ன ஒரு குழைவு! "4.12" என்று எழுதப் பார்த்தால் கையில் நோட்டைக் காணோம். பை இருந்தது. காலில் செருப்பு இருந்தது. எதிரில் தெருக்கதவு திறந்திருந்தது.

"நாலேகால்!" என்றார் சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக்கடைக்காரர், வீட்டைப் பூட்டியபடி.

ஸ்டோர்கீப்பர் பைக்குள் கையை விட்டார். சாமான் சீட்டு தயாராகக் கிடந்தது.

செருப்போடு சமையலறைக்குள் ஓடினார். உப்பு ஜாடியில் மனைவியின் செல்போன் சாய்ந்திருந்தது. ஹாலில் சத்தத்தைக் குறைத்துப் படுக்கையறையில் அணைத்துக்கொண்டிருந்தது அவள் சுண்டுவிரல். மற்ற விரல்களில் மாவு.

"நீயா!"

"நான்தாங்க."

"ஏழு தடவை சொல்லிக்கொடுத்தேனே!"

"முதல் தடவையே புரிஞ்சுடுச்சு. நீங்க ஆசை ஆசையாச் சொன்னீங்க, அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

போனைப் பிடுங்கிப் பார்த்தார். வரிசையாகப் பட்டியல்கள். 'எழுப்ப.' 'குளிக்க அனுப்ப.' 'கடைக்கு.' 'செடிக்குத் தண்ணி.' 'மத்தியானம் தூங்க வைக்க', அதில் மட்டும் முப்பத்தொரு பாட்டு. 'சொந்தக்காரங்க வந்தா ரெண்டு வார்த்தை பேச வைக்க.' எல்லாம் அவர் கொடுத்த எண்களிலேயே, ஒரு பிழை இல்லாமல்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

எண்ணிக்கையில் அவளும் சோடை போகவில்லை. ஸ்டோர்கீப்பருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் குரல் உயர்ந்தது.

"எடு அட்டைப்பெட்டியை! ஏத்து பரண்ல! இந்த வீட்டுல இனிமே ஒரு பாட்டு..."

அவள் கையை நீட்டினாள். அவர் கையிலிருந்த போனைச் சுண்டுவிரலால் ஒரு தட்டு தட்டினாள். சமையலறை ஸ்பீக்கரில் ஒரு வீணை மெதுவாகத் தொடங்கியது.

"...ஒரு பாட்டுகூட... இங்க பாரு, நான் மயங்க மாட்டேன்... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்தாங்க. நின்னுக்கிட்டே பேசறீங்களே, உக்காருங்க."

ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வீணை நன்றாக இருந்தது. குரலை எங்கே விட்டோம் என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. சரி, அந்தப் பாட்டின் எண்ணையாவது நோட்டில் ஏற்றலாம் என்று போனைப் பார்த்தார். அது பட்டியல்களிலேயே முதல் பட்டியல். ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்த அன்றைக்கே போட்டு வைத்தது. தலைப்பு: 'கண்டுபிடிச்சுட்டா.'

அதைப் படித்து முடிப்பதற்குள் அரைக் கிலோ பீன்ஸுக்கு நார் எடுத்து முடித்திருந்தார்.