சூரமங்கலத்தில் ஒரு பட்டை மரம்

சூரமங்கலம்
ஜூலை 14

மதிப்புக்குரிய மச்சான் ஆண்ட்ரூஸ் அவர்களுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை இன்னாசிமேரியும் நலம். மரம் எங்களைவிட நலம்.

ஐந்து வருடத்துக்கு முன், என் ரிட்டயர்மெண்ட் விருந்தில், ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த பட்டைக் கன்றை என் கையில் கொடுத்து, "மாப்ளே, இது மலைச்சரக்கு. சேலத்து வெயில்ல ஒரு மாசம் தாங்காது" என்று எங்கள் ரயில்வே பார்சல் ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேர் எதிரிலும் சிரித்தீர்கள். இப்போது மரம் என்னைவிட உயரம். நானே கிளை வெட்டி, பட்டை உரித்து, காயவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முகர்ந்து பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

லேசுப்பட்ட பாடா பட்டேன்? இலை கருகுகிறதே என்று உங்கள் தங்கையின் கல்யாணப் புடவையை எடுத்துப் பந்தல் கட்டினேன், அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, போர் தண்ணீர் உப்பு என்று குடிக்கிற கேன் தண்ணீரை மரத்துக்கு ஊற்றினேன், அன்றைக்குப் பார்த்து பங்குச்சாமியார் வீட்டுக்கு வர, காபிக்குத் தண்ணி இல்லாம பக்கத்து வீட்டு மஞ்சுளாகிட்ட போய் நின்னா, அந்தம்மா "ஏனுங்க சார், மரத்துக்கு காபியும் உண்டுங்களா?"ன்னு கேக்குது; நான் விடுவனா, ஏர் கூலரைத் தூக்கி மரத்துக்கு முன்னாடி வச்சேன், மழை வந்து கூலர் புகைஞ்சு தெருவுக்கே கரண்ட் போச்சு! ஆனா போன ஞாயித்துக்கிழமை கோழிக்குழம்புல நம்ம பட்டை விழுந்தப்ப, மஞ்சுளாவே கிண்ணத்தோட வந்து நின்னுச்சு மச்சான். பங்குத் திருவிழாவில் வீட்டுத் தோட்டம் பற்றி என்னைப் பேசவும் அழைத்திருக்கிறார்கள்.

வீட்டில் அக்சிலியா அக்காவுக்கும் உங்கள் மிளகுக்கொடிகளுக்கும் என் அன்பு. மாதா எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உபகாரசாமி

பி.கு.: கவரை ஒட்டும் முன் இன்னாசிமேரி இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏங்க, அண்ணன் குடுத்த கன்னு முதல் கோடையிலயே செத்துப்போச்சு. நீங்க மெட்ராஸ்ல மக ஊட்டுக்குப் போயிருந்தப்ப அண்ணன்தான் வேற கன்னு பஸ்ல குடுத்தனுப்புனாரு. மறு வருசமும் அதே கதை. நீங்க மனசு உடைஞ்சு போவீங்கன்னு சொல்லல" என்கிறாள். மூன்றாவது கன்றுக்குப் பச்சை வலை கட்டி, மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றிக் காப்பாற்றியதும் அவள்தானாம். நீங்களும் உடந்தையா மச்சான்? போகட்டும். முப்பத்தாறு வருடம் கூடவே இருக்கிற எனக்குத் தெரியாமல் ஒரு மரத்தையே வளர்த்திருக்கிறாள். இப்படி ஒருத்தி இந்தச் சூரமங்கலத்தில் வேறு யார் வீட்டில் இருக்கிறாள், சொல்லுங்கள்!